பம்பின் இரண்டாவது வாய்

செய்தி வந்தபோது மணி இரண்டு இருக்கும். மதிய இடைவேளை முடிந்து பிள்ளைகள் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து மூடுபனி விலகாததால் பகலிலேயே வகுப்பில் விளக்கேற்றியிருந்தோம். கரும்பலகையிலிருந்து திரும்பியபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு முகம் தெரிந்தது. என் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டு மிஸஸ் பிரெண்டர்காஸ்ட். சால்வை தோளில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, முழங்கை வரை மாவு. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியாது. கதவைத் தட்டவில்லை. லாலர் குடும்பத்தாரான எங்களிடம் தட்டக்கூடாது என்பது அவளுக்கு அத்தனை பழகிப் போயிருந்தது.

நான் வெளியே போனேன்.

"செசிலி, உன் அண்ணன் கப்பல் ஆர்ட்மோரா மணல்ல ஏறிடுச்சாம்மா. பனியில எதுவோ கரிக்கப்பல் வந்து இடிச்சிருக்கு. ஜனங்க எல்லாம் பிழைச்சுட்டாங்க."

"எல்லாருமா?"

அவள் கையிலிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தாள். "கம்பெனி ஆளு உன் அண்ணி டெலியா வீட்டுல உக்காந்திருக்கான். தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு. நீ வா."

என் அண்ணன் ஆம்புரோஸ் லாலர் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், நான் நடக்கப் பழகும் முன்பே இறந்துபோனார். பதினேழு வயதில் ஆம்புரோஸ் கப்பலில் கரி வாரிப் போடும் வேலைக்குப் போனான். பிறகு உலைக்குக் கரி தள்ளினான். அதன்பின் எண்ணெய்க்காரனானான். சுழன்றுகொண்டிருக்கும் இரும்புத் தண்டுகளுக்கு நடுவே கையை விட்டு, எது சூடாகிறது என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து எண்ணெய் விடும் வேலை அது. அவன் வலது கைச் சுண்டுவிரல் அப்படித்தான் போனது. "அது எனக்கு எப்பவுமே உபயோகப்பட்டதில்ல" என்பான். கன்னியாஸ்திரிகளின் கல்லூரியில் என்னைச் சேர்த்து ஆசிரியை ஆக்கியது அவன்தான். நான் படித்து முடித்த அன்று கழுத்தில் புதுக் காலர் மாட்டிக்கொண்டு வந்து, கன்னியாஸ்திரிகள் முன்னால் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றுவிட்டுப் போனான். தெருமுனை திரும்பிய பிறகுதான் சத்தமாகச் சிரித்தான்.

கப்பலில் அவன் பொறுப்பில் இருந்தது கடல்நீர் பம்பு. இன்ஜினை ஓட்டி முடித்த நீராவியை வீணாக்க முடியாது. கடல் நடுவில் பாய்லருக்கு வேறு நல்ல தண்ணீர் ஏது? அதை மறுபடி குளிரவைத்துத் தண்ணீராக்கித்தான் பாய்லருக்கு அனுப்ப வேண்டும். அதற்காக ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் கணக்கற்ற பித்தளைக் குழாய்கள். அவற்றின் வழியே குளிர்ந்த கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தள்ளுவது அந்தப் பம்பு. ஒரு பக்கம் கடலை உறிஞ்சும், மறுபக்கம் கடலிலேயே கொட்டும். லிவர்பூலிலிருந்து நியூயார்க் வரை வேறு வேலை கிடையாது. அது நின்றால் சற்று நேரத்தில் இன்ஜினும் நின்றுவிடும்.

அந்தப் பம்புக்கு இன்னொரு வாய் உண்டு. ஆட்கள் நடக்கும் இரும்புத் தட்டுகளுக்குக் கீழே, கசிவுநீர் தேங்கும் குழியில் அது இருக்கும். கப்பலில் ஓட்டை விழுந்தால் கடல்பக்கத்து வாயை மூடிவிட்டு இந்த வாயைத் திறப்பார்கள். உள்ளே பாயும் வெள்ளத்தையே பம்பு குடித்து, குழாய்களைக் குளிரவைத்து, வெளியே துப்பும். இந்த இரண்டாவது வாயைத் திறக்கும் வால்வுச் சக்கரம் வருஷக்கணக்கில் சும்மா இருக்கும். நல்ல கதகதப்பான இடம், கைக்கு எட்டும் உயரம். அதனால் பனியன், காலுறை, வியர்வைத் துண்டு எல்லாம் அதில்தான் காயும். எந்தக் கப்பலிலும் அப்படித்தான். அதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை.

ஆர்ட்மோராவுக்கு முன்பு அவன் பெலிசன் என்ற கப்பலில் இருந்தான். அவனோடு அதே பம்பைப் பார்த்துக்கொண்டவன் கோர்மக் டீகன், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவன். ஒல்லி. வாய் ஓயாது. ஒரு வசந்த காலத்தில் பெலிசன் பனிப்பாறையில் உரசி அடியில் கிழிந்தது. இரண்டாவது வாயைத் திறக்கச் சொல்லி மேலிருந்து கத்தினார்கள். கோர்மக்கும் ஆம்புரோஸும் சக்கரத்தில் தொங்கிய துணிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். எங்கே விழுந்தது என்று யார் பார்த்தார்கள்? சக்கரம் உப்பேறி இறுகியிருந்தது. சம்மட்டியால் அடித்துத் திருப்பினார்கள். பம்பு கொஞ்ச நேரம் குடித்தது, பிறகு விக்கியது. குழாய் முனையில் குப்பையைத் தடுக்க ஒரு சல்லடைப் பெட்டி உண்டு. அதை எதுவோ அடைத்துக்கொண்டது.

கோர்மக் ஒரு தட்டைத் தூக்கிவிட்டுக் கீழே இறங்கினான். "எங்கம்மா என்னை விலாங்குமீனாத்தான் பெத்தா, தள்ளுடா" என்றானாம். கழுத்தளவு தண்ணீரில் மூழ்கி எழுந்து, ஒரு பனியனை மேலே வீசினான். "இது எவனோடது? நாறுதுடா!"

அந்த நேரத்தில் கப்பல் சாய்ந்தது. சாமான் பெட்டி ஒன்று உருண்டு, தட்டோடு சேர்ந்து திறப்பின் மேல் விழுந்தது. நாலைந்து பேர் சேர்ந்தும் அதை நகர்த்த முடியவில்லை. கோர்மக் கீழேயிருந்து தட்டிக்கொண்டிருந்தான். தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு தட்டவில்லை. அவன் அடைப்பை எடுத்துவிட்டதால் பம்பு ஓடியது, கப்பல் பிழைத்தது.

அந்தப் பனியன் யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த டெலியாவிடம், பேச்சுக்கு நடுவில் ஆம்புரோஸ் சொன்னானாம்: "என்னோடதா இருக்கலாம்." அவ்வளவுதான்.

டெலியா அவன் மனைவி. சாக்குத் தைக்கும் கிடங்கில் வேலை. கட்டை விரல் தோல் பலகை மாதிரி இருக்கும், நாக்கு ஊசி மாதிரி. பெலிசனிலிருந்து ஆம்புரோஸ் திரும்பிய வாரம், இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அடுத்த வீட்டிலிருந்து மிஸஸ் பிரெண்டர்காஸ்ட் கணப்படுப்பின் பின்சுவரில் கம்பியால் தட்டினாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். டீ போட்டாயிற்று வா என்று அர்த்தம். ஆம்புரோஸ் எழுந்துபோய் அடுப்பின் முன் மண்டியிட்டான். சுவரில் உள்ளங்கையை வைத்தான்.

"இரு கோர்மக், வரேன்" என்றான்.

டெலியா நேராக அடுத்த வீட்டுக்குப் போனாள். "மிஸஸ் பிரெண்டர்காஸ்ட், இனிமே சுவத்துல தட்டாதீங்க."

"ஏண்டியம்மா, என் அடுப்புக்கம்பி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? பின்ன உன்னைக் கூப்பிட நான் தந்தியா அடிக்கணும்?"

"ஆம்புரோஸுக்கு ஆகல."

அந்த அம்மாள் டெலியாவின் முகத்தைப் பார்த்தாள். "சரி போ. கொல்லைக் கதவுல நின்னு பூனை மாதிரி கத்தறேன்."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைத்தோம். மறுநாளே கத்தினாள். தெருவே சிரித்தது. அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. விடியற்காலையில் நீளக் கோலால் ஜன்னல் ஜன்னலாகத் தட்டி ஆட்களை எழுப்பும் கிழவர் டோபினும் அந்த ஒரு ஜன்னலை விட்டுவிட்டுப் போனார். டெலியா தானாக எழுந்துகொள்ளக் கற்றுக்கொண்டாள்.

ஆம்புரோஸ், வீட்டில் துணி பிழியும் இயந்திரத்தின் சக்கரத்தில் ஈரத்துண்டு கிடந்தால் எடுத்துக் கொடியில் போடுவான். கதவுக் குமிழில் என் தொப்பி தொங்கினால்கூட எடுத்துக் கையில் கொடுப்பான், ஒன்றும் சொல்லமாட்டான். ஆர்ட்மோராவில் ஒவ்வொரு முறையும் வேலைக்கு இறங்கியதும் முதலில் அந்தச் சக்கரத்தில் கிடப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு சுற்றுத் திறந்து, மூடி, எண்ணெய் விடுவானாம். கூட இருந்தவர்கள் விடுவார்களா?

"லாலர், உன் பெண்டாட்டிகிட்ட சொல்றேன், நீ இங்க ஒருத்தியை வெச்சிருக்கேன்னு."

"சொல்லு. அவளைவிட இவ நல்லாத் திரும்பறா."

ஆனால் ஒரு புது ஆள் சக்கரத்தில் காலுறையைக் காயப்போட்டபோது, அவனைச் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்திவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம். நான் அறிந்தவரை ஆம்புரோஸ் கை ஓங்கியது அந்த ஒரு தடவைதான்.

டெலியா அவனைக் கரைக்குக் கொண்டுவரப் பல வருஷம் பாடுபட்டாள். கடைசியில் ஃபாதர் கில்ஃபாயில் சொல்லி, துறைமுகத்திலேயே தண்ணீர் இறைக்கும் பம்பு நிலையத்தில் வேலைக்கு ஏற்பாடாயிற்று. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் நானும் அங்கே சாப்பிட்டேன். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொதித்த குழம்பு, ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸ்.

"இந்த ஒரு பயணம். அப்புறம் கரைதான்" என்றான்.

"போன தடவையும் இதையேதான் சொன்ன."

"போன தடவை உன்கிட்ட மட்டும் சொன்னேன். இப்ப ஃபாதர்கிட்டேயும் சொல்லிட்டேன். பாதிரியார்கிட்டப் பொய் சொன்னா நரகம். உன்கிட்டச் சொன்னா வெறும் திட்டுதான்."

"ரெண்டுல எது மேல்னு போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு."

அவன் சிரித்தான். ரொட்டியால் தட்டை வழித்தான். பிறகு யாரையும் பார்க்காமல், "நான் வந்துட்டா அந்தச் சக்கரத்தை எவன் திருப்புவான்?" என்றான்.

டெலியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தக் கேள்வி அவள் மனதில் தங்கிவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் மிஸஸ் பிரெண்டர்காஸ்டோடு போய்ச் சேர்ந்தபோது கம்பெனி ஆள் போயிருந்தான். நியூயார்க்கிலிருந்து திரும்பி வந்த கப்பல், வீட்டுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இடிபட்டிருந்தது. கேப்டன் கப்பலை ஃபார்ம்பி கரையோர மணலை நோக்கி ஓட்டச் சொன்னார். இரண்டாவது வாய் திறந்தது. அந்தச் சக்கரம் ஒரு விரலுக்குத் திரும்பியதாம். பம்பு ஓடி, இன்ஜின் ஓடி, கப்பல் மணலில் ஏறியது. பயணிகள் படகில் இறங்கினார்கள். இன்ஜின் அறை ஆட்களில் ஒருவன் மட்டும் இல்லை.

மறுநாள் ஜெரோம் டுவையர் வந்தான். ஆம்புரோஸோடு வேலை பார்த்த இன்னொரு எண்ணெய்க்காரன். நான் கொடுத்த டீயைக் குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"எண்ணெய்க்காரங்க எல்லாம் மேல போங்கன்னு உத்தரவு வந்துச்சு. இன்ஜினீயர் மட்டும் மேல்தளத்துல, இன்ஜினை ஓட்டற கைப்பிடிகிட்ட நின்னாரு. நான் முன்னாடி ஏறினேன், ஆம்புரோஸ் எனக்குப் பின்னாடி. பாதி ஏணியில நின்னுட்டான்."

"ஏன்?" என்றாள் டெலியா.

டுவையர் என்னைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்பது மாதிரி இருந்தது.

"அவளைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. ஏன் நின்னான்?"

"கீழ யாரோ தட்டறாங்கன்னான். டேய், யாரும் இல்லடா, எல்லாரும் வந்தாச்சுன்னேன். அவன் கேக்கல. கீழ குனிஞ்சு, 'இரு, வரேன்'னான். என்கிட்டச் சொன்ன மாதிரி இல்ல."

"அந்தத் தட்டற சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"சத்தியமா இல்ல மிஸஸ் லாலர்."

அதன் பிறகு டெலியா அழவில்லை. மூன்றாம் நாள் தண்ணீரை இறைத்து அவனை எடுத்துக் கொண்டுவந்தார்கள். திருப்பலி நடந்தது, அடக்கம் நடந்தது. கோர்மக்கின் தாயும் வந்திருந்தாள். டெலியா அவள் கையைப் பிடிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நல்ல மனுஷன் என்றார்கள். டெலியா தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் பள்ளியிலிருந்து போனபோது அவள் அடுப்பின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். கையில் கம்பி. சுவரில் தட்டிக்கொண்டிருந்தாள். சீராக, நிறுத்தி நிறுத்தி.

"என்ன பண்ற அண்ணி?"

"செத்தவன் தட்டினான்னு போனான் இல்ல? நான் எத்தனை வருஷம் வாயால கூப்பிட்டேன். தட்டினாத்தான் வருவான் போல. தட்டறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மிஸஸ் பிரெண்டர்காஸ்ட் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, கொல்லைக் கதவுப் பக்கமிருந்து, நடுங்கும் குரலில் ஒரு பூனை கத்தியது. டெலியா கம்பியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணு தெரியணும் செசிலி. அவன் வீட்டுக்கு வரணும்னு நினைச்சானா? இல்ல, அங்கேயே போயிடணும்னு நினைச்சானா? இந்த ஒண்ணு தெரிஞ்சா போதும். எதுவானாலும் நான் தாங்கிக்குவேன். தெரியாம இருக்கிறதுதான் முடியல."

அதன் பிறகும் அவள் தட்டினாள். நான் போகும் நாட்களில் அந்தச் சுவரின் கரி உதிர்ந்து புதிதாகத் தழும்பு தெரியும். எனக்கும் தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் அது நின்ற பிறகுதான் மூச்சு வந்தது.

விசாரணையெல்லாம் முடிந்து ஒரு சனிக்கிழமை ஆர்ட்மோராவின் இரண்டாம் இன்ஜினீயர் வந்தார். மிஸ்டர் பிரிங்கிள், கிளாஸ்கோக்காரர், புராட்டஸ்டன்ட். எங்கள் சுவரிலிருந்த மாதா படத்துக்கு முதுகு காட்டாமலும் அதைப் பார்க்காமலும் உட்கார இடம் தேடி, கடைசியில் நின்றுகொண்டார்.

"நான்தான் கைப்பிடிகிட்ட நின்னேன் மிஸஸ் லாலர். நான் பார்த்ததை மட்டும் சொல்றேன். பார்க்காததைச் சொல்லமாட்டேன்."

"சொல்லுங்க."

"எண்ணெய்க்காரங்களை மேல அனுப்பின பிறகு அளவு காட்டற முள் இறங்க ஆரம்பிச்சுது. பம்புக்குத் தண்ணி போகலைன்னு அர்த்தம். கீழ விளக்கெல்லாம் அணைஞ்சு போச்சு. இன்ஜின் நின்னுடும், மணல் வரைக்கும் போய்ச் சேரமாட்டோம்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல முள் திரும்ப ஏறிச்சு. ஏன்னு எனக்குத் தெரியல. அதிர்ஷ்டம்னு நினைச்சேன். கப்பல் மணல்ல மோதினப்ப பாய்லர் அறைக் கதவு பிச்சுக்கிட்டுத் தண்ணி மொத்தமா வந்துச்சு. நான் மேல ஓடினேன்."

"தட்டினது?"

"பம்பு காத்தை விழுங்கினா தட்டும். கதவைத் தட்டற மாதிரியே இருக்கும்."

"அன்னைக்குத் தட்டிச்சா?"

அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "தட்டியிருக்கணும். ஆனா நான் கேக்கல. இன்ஜின் சத்தத்துல எனக்கு எதுவும் கேக்காது. அதனால அவன் எதைக் கேட்டான்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப என்ன சொல்ல வந்தீங்க?" என்றாள் டெலியா. "இதைச் சொல்லவா கிளாஸ்கோக்காரர் எங்க பூட்டில் ஊர் வரைக்கும் வந்தீங்க?"

"அவனைக் கண்டெடுத்தப்ப நான் அங்க இருந்தேன். சல்லடைப் பெட்டிகிட்டத்தான் இருந்தான். உள்ள இருந்த சாம்பலும் பஞ்சும் வெளிய எடுத்துப் போட்டிருந்துச்சு. பெட்டி சுத்தமா இருந்துச்சு." தொப்பியை மேஜைமேல் வைத்தார். "அதோட மூடியைத் திரும்பப் போட்டிருந்தான்."

டெலியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடியைப் போட்டானா?"

"ஆமா."

"மூடி இல்லாமலும் பம்பு ஓடுமா?"

"அந்த நேரத்துக்கு ஓடும். அவசரத்துல எல்லாரும் அப்படியே விட்டுட்டு ஓடி வந்துடுவாங்க. மூடியைப் போடலைன்னா குப்பை மறுபடி போய் அடைச்சுக்கும். அடுத்த தடவை இன்னொருத்தன் கீழ இறங்கணும்."

டெலியா என் பக்கம் திரும்பினாள். "கோர்மக்கைத் தேடிப் போனவன் மூடியைப் போட்டுக்கிட்டு நிப்பானா செசிலி? வேலையை முடிச்சுட்டுக் கிளம்பறவன்தானே மூடுவான்?"

 என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, "உக்காருங்க மிஸ்டர் பிரிங்கிள், டீ போடறேன்" என்றாள். செய்தி வந்த நாளுக்குப் பிறகு அவள் அடுப்பில் பாத்திரம் வைத்து நான் பார்த்தது அன்றுதான். தண்ணீர் கொதிக்கும்போது முதுகைக் காட்டியபடியே, மூடி எப்படி மாட்டுவது என்று கேட்டாள். அவர் மேஜைமேல் விரலால் வரைந்து காட்டினார்.

அந்த மூடிக்கு நான்கு நட்டுகள். மூன்றை அவன் இருட்டில் கையாலேயே முறுக்கி ஏற்றியிருந்தான். நான்காவது, அவனை வெளியே எடுத்தபோது, அவன் விரல்களுக்குள் இருந்தது.